உங்கள் பைல் உங்களுக்கே! லிப்ரே ஆபீஸ் தொகுப்பை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் முதல் மாதம் இனிமையாகவே போகும். கடிதம் எழுதுவார்கள், வீட்டுக் கணக்கு போடுவார்கள், பிரிண்ட் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம்தான் சிக்கல் தலை காட்டும். கம்ப்யூட்டருடன் வந்த ஆபீஸ் தொகுப்பு சோதனைக் காலத்திற்கு மட்டுமே என்பது அப்போதுதான் தெரிய வரும்.

திருச்சி தில்லை நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதுதான் நடந்தது. மொத்தம் 24 வீடுகள். சங்கச் செயலாளர் பணி ஓய்வு பெற்றவர். அதுவரை நோட்டில் எழுதி வந்த கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டு, சொந்தப் பணத்தில் புதிய கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து ஓராண்டுக் கணக்கை டைப் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, நான் எழுதின கணக்கை நானே திருத்த முடியலை. பணம் கட்டச் சொல்லுது" என்றார்.

போய்ப் பார்த்தேன். பைல் திறந்தது, படிக்க முடிந்தது. ஆனால் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியவில்லை. சோதனைக் காலம் முடிந்துவிட்டது. பொதுக்குழுக் கூட்டத்திற்கு இன்னும் பத்து நாட்களே இருந்தன.

அன்று அவருடைய கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். அடுத்த பத்து நாட்களில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவற்றையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

இலவசம் என்றால் நாளைக்கு நின்று போகாதா?

செயலாளர் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்துகொள்ள இந்தத் தொகுப்பின் கதையைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் ஸ்டார் ஆபீஸ் என்ற தொகுப்பைத் தயாரித்து வந்தது. 1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2000 இல் அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று வெளியிட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். அதன் முதல் பதிப்பு 2002 இல் வந்தது. 2010 இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. எதிர்காலம் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட வல்லுநர்கள் பலர், அதே நிரலை எடுத்துக்கொண்டு அந்த ஆண்டு செப்டம்பரில் டாகுமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். 2011 இல் ஆரக்கிள் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்தது. ஓப்பன் ஆபீஸ் இன்றும் கிடைக்கிறது. ஆனால் புதிய வசதிகளுடன் தொடர்ந்து வளர்ந்து வருவது லிப்ரே ஆபீஸ்தான். எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் கை மாறின, பெயர் மாறியது, ஆனால் தொகுப்பு நிற்கவில்லை. மூல நிரல் பொதுவில் இருந்ததே காரணம். ஓப்பன் ஆபீஸ் முதல் பதிப்பில் சேமித்த பைலை இன்றைய லிப்ரே ஆபீஸில் திறக்கலாம்.

தமிழ்நாட்டிற்கும் இது புதிதல்ல. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும், தமிழில் அமைந்த ஓப்பன் ஆபீஸ் தொகுப்பையும் சிடியில் இலவசமாக வெளியிட்டது. பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் நிர்வாக இயக்குனராக இருந்தபோது, லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. இப்போது நாம் வீட்டில் அதே வழியில் செல்கிறோம்.

இன்ஸ்டால் செய்யும்போது

லிப்ரே ஆபீஸ் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியில் இருந்து மட்டுமே டவுண்லோட் செய்திடுங்கள். வேறு தளங்களில் இதையே விலைக்கு விற்பவர்களும், தேவையற்ற புரோகிராம்களைச் சேர்த்துத் தருபவர்களும் உண்டு. இதற்கு சீரியல் எண் தேவையில்லை, பதிவு செய்யவும் வேண்டாம். யாராவது எண் கேட்டால் அது சரியான இடம் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

மெனுக்கள் தமிழில் வேண்டும் என்றால், இன்ஸ்டால் செய்யும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, யூசர் இண்டர்பேஸ் லாங்குவேஜஸ் பட்டியலில் தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஆங்கில மெனுக்களின் பெயர்களையே பயன்படுத்தியுள்ளேன்.

இதில் ஆறு புரோகிராம்கள் உள்ளன. ரைட்டர் எழுதுவதற்கு, கால்க் கணக்கிற்கு, இம்ப்ரஸ் பிரசன்டேஷனுக்கு, டிரா வரைவதற்கு, பேஸ் தகவல் தளத்திற்கு, மேத் கணிதச் சமன்பாடுகளுக்கு. முதல் இரண்டைக் கற்றாலே வீட்டுத் தேவைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

பாடம் 1: தமிழை முதலில் சரி செய்யுங்கள்

செயலாளர் ஒரு பழைய சிடியைக் கொண்டுவந்தார். அதில் சங்க விதிமுறைகள் இருந்தன. 2004 இல் ஒரு டிடிபி மையத்தில் டைப் செய்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து குழம்பிக் கிடந்தன. "வைரஸா தம்பி?" என்றார். வைரஸ் அல்ல. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தெரியாது.

யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கு அவற்றுக்கே உரிய எண்கள் உண்டு. பாண்ட் மாறினாலும் எழுத்து மாறாது. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. எனவே புதிதாக எழுதுவதை யூனிகோடில் மட்டுமே எழுதுங்கள். பழைய பைல்களை யூனிகோடாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. செயலாளரின் விதிமுறைகளை அப்படித்தான் மீட்டோம். சில இடங்களில் ஒற்றெழுத்துகள் பிழையாக வந்தன. அவற்றைக் கையால் திருத்தினார்.

விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸ் பகுதியில் தமிழ்99 அல்லது அஞ்சல் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

அடுத்து ரைட்டரைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்திடவும். லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ் பிரிவில் ஜெனரல் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் பெட்டி இருந்தால் டிக் செய்து, எதிரே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பின் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் பிரிவில் பேசிக் பாண்ட்ஸ், சிடிஎல் என்ற பகுதியில் நிர்மலா யூஐ போன்ற யூனிகோட் பாண்டைக் கொடுத்து ஓகே கிளிக் செய்து வெளியேறவும்.

இதை ஏன் செய்ய வேண்டும்? இந்தத் தொகுப்பு ஆங்கிலத்திற்கு ஒரு பாண்ட், தமிழுக்கு ஒரு பாண்ட் என இரண்டைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். எழுத்தின் அளவும் அப்படியே. "ஆங்கிலம் பெரிதாகிறது, தமிழ் பெரிதாகவில்லை" என்று பலர் குறைபட்டுக்கொள்வதன் காரணம் இதுதான். இரண்டையும் தனித்தனியே அமைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

பாடம் 2: டைப்ரைட்டர் பழக்கத்தை விடுங்கள்

செயலாளரின் ஆண்டறிக்கை 14 பக்கம். ஒவ்வொரு தலைப்பையும் தேர்வு செய்து, போல்ட் போட்டு, அளவை மாற்றி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவில் கொண்டு வந்திருந்தார். தலைவர் "தலைப்புகள் கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும்" என்றார். மொத்தம் 31 தலைப்புகள். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா?

இதற்குத்தான் ஸ்டைல் என்ற வசதி இருக்கிறது. எப் 11 கீயை அழுத்துங்கள். வலது பக்கம் ஸ்டைல்களின் பட்டியல் கிடைக்கும். தலைப்பு வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தினால் அது முதன்மைத் தலைப்பு ஆகிவிடும். கண்ட்ரோல் + 2 துணைத் தலைப்பு. கண்ட்ரோல் + 0 சாதாரணப் பத்தி.

இப்போது பட்டியலில் ஹெட்டிங் 1 மீது ரைட் கிளிக் செய்து எடிட் ஸ்டைல் தேர்ந்தெடுங்கள். பாண்ட் டேபில் தமிழுக்கான அளவை மாற்றுங்கள். அலைன்மெண்ட் டேபில் சென்டர் கொடுங்கள். ஓகே கிளிக் செய்தவுடன் அந்த ஸ்டைலில் உள்ள தலைப்புகள் எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும். முன்பு கையால் போட்ட போல்ட், அளவு ஆகியவை ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வரிகளைத் தேர்வு செய்து கண்ட்ரோல் + எம் அழுத்துங்கள், நீங்கிவிடும். ஸ்பேஸ் பாரால் போட்ட இடைவெளிகளை மட்டும் நாமேதான் அழிக்க வேண்டும்.

இதனால் இன்னும் இரண்டு பயன்கள் உண்டு. இன்செர்ட் மெனுவில் டேபிள் ஆப் கன்டென்ட்ஸ் கொடுத்தால் பக்க எண்களுடன் பொருளடக்கம் தானாகவே உருவாகும். பக்கங்கள் கூடினாலோ குறைந்தாலோ அதன் மீது ரைட் கிளிக் செய்து அப்டேட் செய்தால் போதும். அடுத்து எப் 5 அழுத்தினால் நேவிகேட்டர் கிடைக்கும். அதில் தலைப்புகள் வரிசையாக இருக்கும். எந்தத் தலைப்பில் டபுள் கிளிக் செய்கிறீர்களோ அந்த இடத்திற்குப் போகலாம். ஒரு தலைப்பையும் அதன் கீழ் உள்ள பகுதியையும் சேர்த்து மேலே கீழே நகர்த்தவும் முடியும்.

மாதா மாதம் ஒரே மாதிரி நோட்டீஸ் எழுதுபவர்கள் அதை ஒருமுறை சரியாக அமைத்து, பைல் மெனுவில் டெம்ப்ளேட்ஸ் பிரிவில் சேவ் ஆஸ் டெம்ப்ளேட் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் தேதியை மாற்றினால் நோட்டீஸ் தயார்.

பாடம் 3: கணக்கு ஏன் இடித்தது?

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். செயலாளர் டைப் செய்த கணக்கின்படி கையிருப்பு எவ்வளவு இருக்க வேண்டுமோ, பெட்டியில் அதைவிட 2,400 ரூபாய் குறைவாக இருந்தது. நான்கு முறை எண்ணிப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. "எங்கேயோ கைமறதியாகக் கொடுத்திருப்பேன்" என்று தன் பென்ஷன் பணத்தில் இருந்து 2,400 ரூபாயைப் பெட்டியில் வைத்துவிட்டார். பைலை கால்க்கில் திறந்து காட்டியபோதுதான், தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னார்.

கால்க்கில் கண்ட்ரோல் + எப் 8 அழுத்துங்கள். வேல்யூ ஹைலைட்டிங் என்ற இந்த வசதி எண்களை நீல நிறத்திலும், பார்முலாக்களைப் பச்சை நிறத்திலும், சாதாரண எழுத்துகளைக் கறுப்பு நிறத்திலும் காட்டும். செலவுப் பத்தியில் எல்லாம் நீலமாக இருக்க, ஒரே ஒரு செல் மட்டும் கறுப்பாக இருந்தது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர், "2,400 ரூ." என்று டைப் செய்திருந்தார். எண்ணுடன் "ரூ." சேர்ந்ததால் கம்ப்யூட்டர் அதை எண்ணாகக் கருதாமல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. கூட்டும்போது அதை விட்டுவிட்டது. செலவு 2,400 குறைந்தது, இருப்பு 2,400 கூடியது. பணம் எங்கும் போகவில்லை.

செயலாளர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தக் கீயை மறுபடி சொல்லு தம்பி" என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எனவே செல்லில் எண்ணை மட்டுமே டைப் செய்யுங்கள். ரூபாய் குறி வேண்டுமானால் கண்ட்ரோல் + 1 அழுத்தி, நம்பர்ஸ் டேபில் கரன்சி தேர்ந்தெடுத்து அமைத்துக்கொள்ளுங்கள். குறி கண்ணுக்குத் தெரியும், ஆனால் கணக்கைக் கெடுக்காது.

சங்கக் கணக்கு, சீட்டுக் கணக்கு, டியூஷன் கட்டணம் என எதை எழுதினாலும் இந்த நான்கு வசதிகளைப் பயன்படுத்துங்கள்:

1. வியூ மெனுவில் ப்ரீஸ் செல்ஸ் பிரிவில் முதல் வரிசையை நிலையாக நிறுத்துங்கள். எவ்வளவு கீழே சென்றாலும் தலைப்பு வரிசை மறையாது.

2. "கட்டியாயிற்று", "பாக்கி" என இரண்டே சொற்கள் வர வேண்டிய பத்தியைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் வேலிடிட்டி கிளிக் செய்திடவும். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் கொடுத்து, அந்த இரண்டு சொற்களையும் தனித்தனி வரியில் டைப் செய்திடவும். இனி டைப் செய்ய வேண்டாம், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தால் போதும். எழுத்துப் பிழைக்கு இடமில்லை.

3. பார்மட் மெனுவில் கண்டிஷனல் பிரிவில் கண்டிஷன் தேர்ந்தெடுத்து, செல்லின் மதிப்பு "பாக்கி" என்பதற்குச் சமமாக இருந்தால் சிவப்பு நிறம் என்று அமைக்கலாம். பாக்கி என்பது சொல் என்பதால் இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும்.

4. டேட்டா மெனுவில் ஆட்டோ பில்டர் கொடுத்தால் தலைப்புகளில் சிறிய அம்புக்குறிகள் தோன்றும். அதில் பாக்கியை மட்டும் தேர்ந்தெடுத்தால் பாக்கி வைத்திருக்கும் வீடுகள் மட்டும் தெரியும்.

கூட்டுத்தொகைக்கு, எண்களின் கீழ் உள்ள காலி செல்லில் கிளிக் செய்து, பார்முலா பாரில் உள்ள சிக்மா குறியை அழுத்தி, சம் தேர்ந்தெடுத்து என்டர் தட்டவும். கால்குலேட்டரில் கூட்டி விடையை டைப் செய்யும் பழக்கம் வேண்டாம். பின்னர் ஓர் எண்ணைத் திருத்தினால் அந்த விடை மாறாது.

பாடம் 4: எப்படிச் சேமிப்பது?

இந்தத் தொகுப்பு பைல்களை ஓடிஎப் என்ற வடிவில் சேமிக்கிறது. ரைட்டர் பைலுக்கு ஓடிடி, கால்க் பைலுக்கு ஓடிஎஸ் என்று துணைப் பெயர் வரும். 2006 இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ இதைத் தர முறையாக ஏற்றது. எந்த ஒரு நிறுவனத்தின் தனிச் சொத்தும் அல்ல.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓர் ஓடிடி பைலைக் காப்பி எடுங்கள். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் துணைப் பெயர்கள் தெரியும்படி வைத்து, காப்பியின் துணைப் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே கன்டென்ட் என்ற எக்ஸ்எம்எல் பைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே நீங்கள் எழுதிய வரிகள் தமிழிலேயே தெரியும். நாளைக்கு எந்த ஆபீஸ் தொகுப்பும் இல்லாமல் போனாலும் உங்கள் எழுத்து உங்களுக்குக் கிடைக்கும். இலவசம் என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கு அனுப்பும்போது இப்படிச் செய்யுங்கள். படிக்க மட்டும் என்றால் பிடிஎப். அவர்களும் திருத்த வேண்டும், அவர்களிடம் மைக்ரோசாப்ட் வேர்ட் இருக்கிறது என்றால் சேவ் ஆஸ் கொடுத்து டாக்எக்ஸ் வடிவில் ஒரு காப்பி. ஆனால் உங்கள் மூலப் பிரதி ஓடிஎப் வடிவிலேயே இருக்கட்டும். வடிவம் மாற்றும்போது அட்டவணைகளும் படங்களும் சற்று இடம் மாறலாம் என்பதால் அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பிடிஎப் எடுக்கும்போது இன்னொரு வசதியும் உண்டு. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎப் விண்டோவில் ஹைபிரிட் பிடிஎப் என்பதற்கு டிக் செய்தால், அந்த பிடிஎப் பைலுக்குள்ளேயே மூல டாகுமெண்டும் சேர்ந்துவிடும். மற்றவர்கள் படிக்கலாம், நீங்கள் லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்தலாம்.

கடைசியாக, மின்தடை நேரத்திற்கான பாதுகாப்பு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல் பகுதிக்குச் சென்று ஆட்டோ ரெக்கவரி நேரத்தை 5 நிமிடமாகக் குறையுங்கள். பேக்கப் காப்பி எடுக்கும் வசதியையும் டிக் செய்திடுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கவும். பைலுக்கு பாஸ்வேர்ட் கொடுத்தால் அதை எங்காவது எழுதி வையுங்கள். மறந்துவிட்டால் திறக்க வழியில்லை.

பொதுக்குழுக் கூட்டத்தில்...

கூட்டத்தில் செயலாளர் பொருளடக்கத்துடன் ஆண்டறிக்கையை வழங்கினார். கணக்கு பைசா சுத்தமாக இருந்தது. மோட்டார் ரிப்பேர் செலவைப் படிக்கும்போது மட்டும் ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தார். தான் வைத்த 2,400 ரூபாயைப் பெட்டியில் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார். இப்போது எங்கள் குடியிருப்பில் புதிதாக யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுப்பது அவர்தான்.

நீங்களும் இந்த வாரம் ஒரு சிறிய பயிற்சி செய்யுங்கள். உங்களிடம் உள்ள பழைய கடிதம் ஒன்றைத் திறந்து தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கைத் திறந்து கண்ட்ரோல் + எப் 8 அழுத்துங்கள். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.